ஐந்து ஸ்க்ரூ கேசட்

1985-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'ஜைரோமைட்' என்ற நிண்டெண்டோ கேசட் கையில் கிடைத்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் அதைத் திருப்பிப் பிடித்து ஸ்க்ரூக்களை எண்ணுவார். மூன்று என்றால் பிற்காலத் தயாரிப்பு. ஐந்து என்றால் கையில் வைத்து எடை பார்ப்பார். மற்ற ஜைரோமைட்டுகளைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தால் அவருக்கு அன்றைக்கு யோகம்தான்.

அந்தக் கூடுதல் கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் நிண்டெண்டோ வெளியிட்ட விளையாட்டுக் கருவியின் பெயர் ஃபேமிகாம். வெள்ளையும் சிவப்புமான அந்தச் சின்னக் கருவியின் கேசட்டுகளுக்கு 60 பின்கள். அதே கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உருவத்தையே மாற்றினார்கள். அங்கே 1983-ல் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டிருந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்கவே தயாராக இல்லை. அதனால் வி.சி.ஆர். போல, முன்பக்கம் கேசட்டை உள்ளே தள்ளும் சாம்பல் நிறப் பெட்டியாக அது மாறியது. பெயரும் என்.இ.எஸ். ஆனது. கேசட்டும் பெரிதாகி, பின்கள் 72 ஆயின. முதல் கட்டத் தயாரிப்பின்போது சில கேசட்டுகளுக்குள் ஜப்பானிய 60 பின் போர்டையே வைத்து, 72 பின்னாக மாற்றித்தரும் சிறு போர்டு ஒன்றையும் சேர்த்து மூடிவிட்டார்கள். கனமான ஜைரோமைட்டுக்குள் இருப்பது அந்த இரட்டை போர்டுதான். டிவியில் போட்டால் அமெரிக்கப் பெயர்கூட வராது. ஜப்பானியப் பதிப்பின் 'ரோபோட் ஜைரோ' என்ற தலைப்புதான் வரும்.

பழைய வீடியோ கேம் சேகரிப்பு என்றதும் செய்தியாவது ஏலத்தொகைதான். 2021 ஜூலையில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம், உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்றை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அந்த உறையை இனி யாரும் பிரிக்கமாட்டார்கள். பிரித்தால் விலை போய்விடும். உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியாத ஒரு பொருளுக்கு அவ்வளவு விலை என்பது இந்தத் துறையின் ஒரு ஓரம் மட்டுமே. ஸ்க்ரூவைக் கழற்றி, போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்கள்தான் இதன் வரலாற்றை எழுதிவருகிறார்கள்.

படிப்பதற்கு நிறையவே இருக்கிறது. சிப்புகளின் முதுகில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு ஆண்டையும், அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும். 8634 என்றால் அந்த சிப் 1986-ன் 34-வது வாரத்தில் தயாரானது. ஆக, அந்த கேசட் அதற்கு முன்பு பிறந்திருக்க வழியில்லை. ஐந்து ஸ்க்ரூ கேசட்டுகளைச் சாதாரணத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். பின்னால் வந்த மூன்று ஸ்க்ரூ கேசட்டுகளுக்கு நிண்டெண்டோ விசேஷத் தலை கொண்ட ஸ்க்ரூக்களைப் போட்டது. அவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் பிட் வேண்டும்.

கருவிகளிலும் இப்படித்தான். அட்டாரி 1977-ல் வெளியிட்ட வி.சி.எஸ்.-இன் முதல் வகைக்கு முன்பக்கம் ஆறு சுவிட்ச். அடிப்பாகம் தடித்த பிளாஸ்டிக். சேகரிப்பாளர்கள் அதை 'ஹெவி சிக்ஸர்' என்பார்கள். அடுத்து வந்த ஆறு சுவிட்ச் வகை எடை குறைவு. 1980-ல் சுவிட்ச் நான்காகக் குறைந்தது. 2600 என்ற பெயரே 1982-ல்தான் வந்தது. ஃபேமிகாமில் பட்டன்களைப் பார்த்தால் போதும்: ஆரம்பகாலக் கருவிகளில் சதுர ரப்பர் பட்டன், பிறகு வட்டம்.

கேசட்டின் நிறம் இன்னொரு தடயம். நிண்டெண்டோவின் உரிமம் பெற்ற என்.இ.எஸ். கேசட்டுகள் பெரும்பாலும் சாம்பல் நிறம். 'செல்டா' தங்க நிறத்தில் வந்தது. கறுப்பு நிறத்தில், வேறு வடிவத்தில் ஒன்று கிடைத்தால் அது டெங்கன் நிறுவனத்துடையதாக இருக்கலாம். உரிமம் இல்லாத கேசட்டுகளைத் தடுக்க நிண்டெண்டோ வைத்திருந்த பூட்டு சிப்பை உடைத்த நிறுவனம் அது. அதன் 'டெட்ரிஸ்' 1989-ல் நீதிமன்ற உத்தரவால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று அதைத் தேடி அலைகிறார்கள். நிண்டெண்டோவின் 1990 உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்கான கேசட்டுகள் இதைவிட அரிதானவை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் 90, பத்திரிகைப் போட்டியில் வென்றவர்களுக்குத் தங்க நிறத்தில் 26. அவ்வளவுதான் வழங்கப்பட்டன.

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். லேபிளை வீட்டு பிரிண்டரிலேயே அச்சடித்துவிடலாம். போர்டை அப்படிச் செய்வது கடினம். அசல் போர்டில் பெரும்பாலும் நிண்டெண்டோவின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். கேம்பாய் கேசட்டின் லேபிளைச் சாய்த்துப் பார்த்தால், தொழிற்சாலையில் அழுத்திய இரண்டு இலக்கக் குறி லேசாகத் தெரியும். சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனாலும் ஜப்பானில் முறையாக வெளியான சில ஃபேமிகாம் கேசட்டுகளிலும் அந்தச் சொட்டு உண்டு. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

வாங்கிய பொருளைக் காப்பாற்றுவது தனி வேலை. விளையாட்டு ஓடாவிட்டால் கேசட்டின் வாயில் ஊதுவது உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் செய்ததுதான். ஊதும்போது எச்சில் ஈரம் பின்களில் படிந்து அரிக்கும். ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். விளையாட்டைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளுக்குள் ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போகும். கசிந்தால் போர்டும் போகும். ஜப்பானிலிருந்து கருவி தருவிப்பவர்கள் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். அமெரிக்க என்.இ.எஸ்.-இன் அடாப்டரை ஃபேமிகாமுக்குப் போடுவதும் ஆபத்துதான்: அது மாறுதிசை மின்சாரம் தரும், ஃபேமிகாமுக்கு வேண்டியது நேர்திசை.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் அந்நியமாகப் படலாம். ஆனால் 'கான்ட்ரா'வும் 'மாரியோ'வும் அவர்களுக்குத் தெரியும். இங்கே வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அசல் நிண்டெண்டோ கருவிகள் அல்ல. தைவானிலும் சீனாவிலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். பர்மா பஜார் போன்ற இடங்களில் அவை தாராளமாகக் கிடைத்தன. ஒரே கேசட்டில் லட்சக்கணக்கில் விளையாட்டு என்று லேபிள் சொல்லும். உள்ளே ஒரு கைப்பிடி விளையாட்டுகள்தான் பெயரை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப வரும்.

உலகச் சேகரிப்பாளர்களில் பலர் இவற்றைக் குப்பை என்று நீண்ட காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அது தவறான கணக்கு. ரஷ்யாவில் 1992-ல் வந்த 'டெண்டி'யும் இப்படியொரு நகல்தான். ஒரு தலைமுறையே அதில்தான் விளையாடியது. இன்று அதையும் தேடிச் சேகரிக்கிறார்கள். நம் ஊர் நகல்களுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும். அவற்றைப் படிக்கவும் வழி இருக்கிறது. பழைய நகல்களைத் திறந்தால் தைவானின் யு.எம்.சி. நிறுவனத்துச் சிப்புகள் தனித்தனியாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் மொத்தக் கருவியும் ஒரே பிசின் சொட்டுக்குள் அடங்கிவிட்டது. யு.எம்.சி.-இன் 6538 எண் சிப் இருந்தால், அது நம் நாட்டில் வழங்கிய பால் முறை டிவிக்கு ஏற்ப அமைந்த கருவி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய எலக்ட்ரானிக்ஸ் குவியலிலோ, வீட்டுப் பரணிலோ இப்படி ஒன்று அகப்பட்டால் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அடாப்டரின் வோல்ட்டை முதலில் சரிபார்க்க வேண்டும். கருவியைத் திறந்து போர்டின் இருபுறமும், சிப் எண்கள் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி இருந்தால் அதில் உள்ள நிறுவனப் பெயர், விலை, கடை முத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கேசட்டைப் போட்டு, திரையில் வரும் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க வேண்டும். ஒரே பெயர் கொண்ட இரண்டு கேசட்டுகளில் பட்டியல் வேறுவேறாக இருக்கலாம். இந்தக் கேசட்டுகளைத் தயாரித்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடப் போட்டதில்லை. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று கண்டுபிடிக்க இருக்கும் ஆதாரம் அந்தப் பட்டியலும் போர்டும்தான்.