கால்நடை வைத்தியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர்?

தறியில் அமர்ந்து நெய்பவர் எத்துணைக் கைத்திறன் படைத்தவராயினும், தார் சுற்றித் தருவதற்கு ஒருவர் இல்லையெனில் அவருடைய பொழுதில் பெரும்பகுதி இராட்டினத்தின் முன்னரே கழிந்துவிடும். தார் சுற்றுவோர் நால்வர் இருந்து தறி ஒன்றே இருப்பினும் சேலை விரைவில் இறங்கிவிடுவதில்லை. நெசவாளர் குடும்பங்களில் பிறந்த அங்கத்தினர்களுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டும் ஆட்களுக்கும் அதனை ஏற்றும் வண்டிகளுக்கும் பொருத்தம் இருத்தல் வேண்டும் என்பதை, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் ஆகிய இடங்களிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகளும் நன்கறிவர். இதே உண்மையைக் கால்நடை வைத்தியத்தில் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுச் சபைக் கூட்டங்களில் கால்நடைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "நம் பகுதிக்கு இன்னும் ஒரு வைத்தியர் வேண்டும்" என்னும் கோரிக்கை எழுவது வழக்கம். கோரிக்கை நியாயமானதே. ஆனால், அவ்வைத்தியருக்குத் துணையாக எத்தனை பேர் வேண்டும், அவர்கள் எங்கே இருத்தல் வேண்டும் என்று வினவுவோர் அரியர். இவ்வினாவிற்கு விடை காணாமல் வைத்தியரை மட்டும் பெருக்கினால் செலவு பெருகுமேயன்றிச் சிகிச்சை அதே அளவில் பெருகாது. ஒரு கறவைப் பசு இறந்தால், குடும்பத்தின் ஓராண்டு வருவாயே ஆட்டம் காணும் நிலையிலுள்ள அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே இது எளிதாகக் கருதிவிடத்தக்க விஷயமன்று.

யார் எப்பணியைச் செய்யலாம்?

முதலில் பணிகளைப் பிரித்தறிவோம். நோய் இன்னதென்று நிர்ணயித்தல், மருந்து இன்னதென்று எழுதித் தருதல், அறுவைச் சிகிச்சை செய்தல், கன்று ஈனத் திணறும் பசுவிற்கு உரிய முறையைத் தெரிந்தெடுத்தல், சான்றிதழ் வழங்குதல் ஆகியவை வைத்தியருக்கே உரியவை. ஐந்தரை ஆண்டுகள் கற்றுப் பட்டம் பெற்று, பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இவற்றைச் செய்யலாம். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. அச்சட்டமே மற்றொன்றையும் கூறுகிறது. தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல் முதலிய சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர் ஒருவர், பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வையிலும் கட்டளையிலும் செய்வதற்கு மாநில அரசு அனுமதி அளிக்கலாம் என்பதே அது.

நம் மாநிலத்தில் கால்நடை மருந்தகத்தில் வைத்தியர் இருக்கிறார். கிளை நிலையத்தில் கால்நடை ஆய்வாளர் பணிபுரிகிறார். கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்களும் உள்ளனர். பிற நாடுகளில் இத்தகையோரைக் கால்நடைச் செவிலியர் என்றே அழைக்கின்றனர். பிரிட்டனில் 1961ஆம் ஆண்டில் இவர்களுக்கென முறையான பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. செவிலியர் என்னும் பெயர் 1984இல் வழங்கப்பெற்றது. பெயர் எதுவாயினும் தத்துவம் ஒன்றே. வைத்தியரின் அறிவு தேவைப்படாத பணியில் வைத்தியரின் பொழுது செலவாகலாகாது. அது தேவைப்படும் பணியில் வேறொருவர் கை வைக்கலாகாது.

தலைக் கணக்கின் குறை

எண்ணிக்கைக்கு அளவுகோல்கள் இல்லாமலில்லை. தேசிய விவசாயக் கமிஷன் 1976ஆம் ஆண்டில், 5,000 மாட்டு அலகுகளுக்கு ஒரு வைத்தியர் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆடு முதலிய சிறு பிராணிகள் பல சேர்ந்து ஓர் அலகாகும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் சிகிச்சை ஊர்திக்கு மத்திய அரசு வகுத்துள்ள அளவு, ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பதாகும். அதில் வைத்தியர் ஒருவர், உதவியாளர் ஒருவர், ஊர்தியை ஓட்டித் துணைப் பணியும் செய்பவர் ஒருவர் ஆக மூவர் இருப்பர்.

இவ்வளவுகோல்கள் திட்டம் தீட்டுவோருக்கு இன்றியமையாதவை. ஆயினும் அவை தலைகளை எண்ணுகின்றனவேயன்றி நேரத்தை எண்ணுவதில்லை. சின்னசேலத்தைச் சுற்றிய சமவெளியில், ஊரும் ஊரும் நெருங்கிய இடத்தில் உள்ள 5,000 மாடுகளும், கல்வராயன் மலையில் சரிவு தோறும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலுள்ள 5,000 மாடுகளும் எண்ணிக்கையில் சமமாகலாம், உழைப்பில் சமமாகா.

ஒரு நாளின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மருந்தகத்திற்கு நாளொன்றுக்கு 30 கால்நடைகள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் தேவை. அதில் சோதித்து முடிவு செய்யும் 8 நிமிடம் வைத்தியருக்கு உரியது. மருந்து புகட்டல், ஊசி போடுதல், புண் கழுவுதல், பதிவேட்டில் எழுதுதல் ஆகியவற்றுக்கு ஆகும் 12 நிமிடம் உதவியாளருக்கு உரியது. வேலை நேரம் 8 மணி, அதாவது 480 நிமிடம்.

வைத்தியர் ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் 24 கால்நடைகளைத்தான் பார்க்க இயலும். ஆறு திரும்பிச் செல்லும். அவருக்கு ஓர் உதவியாளரைத் தந்தால் வைத்தியரின் பணி 240 நிமிடத்திலும் உதவியாளரின் பணி 360 நிமிடத்திலும் முடிந்துவிடும். முப்பதும் சிகிச்சை பெறுவதோடு, வைத்தியருக்கு நான்கு மணி நேரம் மிச்சமாகும். அந்நேரத்தில் அவர் ஊருக்குச் சென்று, நடக்க இயலாத மாட்டைப் பார்க்கலாம். அறுவைச் சிகிச்சை செய்யலாம்.

உதவியாளருக்குப் பதிலாக இரண்டாவது வைத்தியரை அமர்த்தினால் என்ன நேரும்? வேலை முடியும். ஆனால் இருவரும் சேர்ந்து ஆறு மணி நேரத்தை, உதவியாளர் செய்யத்தக்க பணியில் செலவிட்டிருப்பர். தேர்ந்த நெசவாளர் இருவரைத் தார் சுற்ற அமர்த்தியது போலாகும் இது. மறுபுறம், ஒரு வைத்தியருக்கு உதவியாளர் நால்வரை அமர்த்தினால் ஒவ்வொருவருக்கும் மருந்தகத்தில் ஒன்றரை மணி நேர வேலையே இருக்கும். வெளியே தடுப்பூசிக்கும் கண்காணிப்புக்கும் அனுப்பினாலன்றி அவர்கள் வெறுமனே இருக்க நேரிடும்.

இவ்வெண்கள் உதாரணத்திற்கே கொள்ளப்பட்டவை. அறுவைச் சிகிச்சை மிகுதியாக நடைபெறும் இடத்தில் வைத்தியரின் பங்கு கூடும்; தடுப்பூசிக் காலத்தில் உதவியாளரின் பங்கு பல மடங்காகும். ஆகவே எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விகிதம் என்று ஒன்று இல்லை. பணியை அளந்த பின்னரே ஆளை எண்ண வேண்டும்.

மலையின் கணக்கு வேறு

கச்சிராயப்பாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுபவர், அங்கே நேரம் வேறு விதமாகச் செலவாவதைக் காண்பர். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, ஆடு மாடுகளை வளர்த்து வாழும் சிற்றூர்கள் அவை. வைத்தியர் ஒருவர் ஐந்து சிற்றூர்களுக்குப் போய்வர நான்கு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். எஞ்சிய நான்கு மணி நேரத்தில், முன் கூறிய கணக்கின்படி, தனியே 12 கால்நடைகளை மட்டுமே அவர் பார்க்க இயலும். ஆனால் அச்சிற்றூர்களில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருந்து, நோயுற்றவற்றைக் குறித்த இடத்தில் முன்னரே கூட்டிவைத்து, வைத்தியர் கட்டளையிட்டபின் எஞ்சிய பணியைத் தாம் ஏற்றுக்கொண்டால், அதே நான்கு மணி நேரத்தில் 30 கால்நடைகளை வைத்தியர் பார்க்கலாம். வைத்தியரும் அவரே, பாதையும் அதுவே. உதவியாளர் நின்ற இடமே மாறிற்று.

மேலும், சில ஆபத்துகள் வைத்தியர் வரும் வரையில் காத்திரா. மரவள்ளி இலையையோ தோலையோ மிகுதியாகத் தின்ற ஆடு மாடுகள் அதிலுள்ள சயனைடு நச்சினால் மிகக் குறைந்த நேரத்தில் மடியக்கூடும். இளஞ்சோளப் பயிரிலும் இந்நச்சு உண்டு. மாற்று மருந்தை இரத்தக் குழாயில் செலுத்துவது வைத்தியரின் பணி. ஆனால் அடிவாரத்திலிருந்து அவர் ஏறி வருவதற்குள் காலம் கடந்துவிடலாம். அறுவடைக் காலத்தில் வீடு வீடாகச் சென்று எச்சரித்துக் கால்நடைகளை அக்கொல்லைகளிலிருந்து விலக்கி வைப்பதற்கு ஊரிலேயே ஒருவர் இருத்தல் வேண்டும். கன்று ஈனத் தொடங்கிப் பனிக்குடம் உடைந்தும் இரண்டு மணி நேரமாக முன்னேற்றம் இல்லாத பசுவை, விடியட்டும் என்று விட்டுவிடாமல் உடனே தொலைபேசியில் வைத்தியரை அழைப்பதும் அத்தகையவரின் பணியே.

தடுப்பூசியும் இவ்வாறே. கோமாரித் தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்திற்குள் காக்கப்படல் வேண்டும், உறைந்தாலும் கெடும். குளிர்ப் பெட்டியுடன் ஆள் வரும் நாளில் மாடுகள் காட்டுக்கு மேய்ச்சலுக்குப் போயிருந்தால் அந்நாள் வீணாகும். முதல்நாளே சொல்லி மாடுகளைக் கட்டிவைக்கச் செய்பவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க முடியும். ஆடு வளர்ப்பு பெரும்பாலும் பெண்கள் கையில் இருப்பதால், இப்பணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்தல் சிறப்பு. வட மாநிலங்களில் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் "பசு சகி" என்னும் பெயரால் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர்.

உலகம் கண்ட பெரும் சான்று ஒன்றுண்டு. மாடுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த வெக்கை நோயை ஒழிக்க நம் நாட்டில் 1954இல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. நோய் அற்ற நாடாக இந்தியா 2006இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுதலை பெற்றது. ஆப்பிரிக்காவில் வைத்தியர் செல்ல இயலாத எத்தியோப்பியப் பாலையிலும் தெற்குச் சூடானிலும், மேய்ப்பர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை அவர்கள் கையில் கொடுத்த பின்னரே அங்கு நோய் ஒழிந்தது.

மேற்பார்வை இன்றேல் இடர்

இவ்வளவும் கூறியதால், உதவியாளரே போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மேற்பார்வையற்ற உதவியாளர் நாளடைவில் மருந்தும் கொடுக்கத் தொடங்குவார். காய்ச்சல் என்றதும் கிருமிக்கொல்லி மருந்தை ஊசியால் ஏற்றுவதும், அதன் எச்சம் பாலில் கலப்பதும், பின்னர் அம்மருந்தே பயனற்றுப் போவதும் இதன் விளைவுகள். மாடுகளுக்கு வலி நீக்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளை அழித்தமையால், கால்நடைகளுக்கான அம்மருந்தின் உற்பத்தி 2006இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மருந்து ஒரு மாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது போதிய பாடமாகும். எனவே, வைத்தியர் ஒருவர் எத்தனை உதவியாளரை வாரம் ஒருமுறையேனும் நேரில் கண்டு, அவர்களது பதிவேட்டைப் படித்துத் திருத்த இயலுமோ அத்தனை பேரே அவருக்குக் கீழ் இருக்கத்தக்கவர். அதுவே மேல் எல்லை.

கூட்டுறவு இயக்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1946இல் குஜராத்தில் தோன்றிய கெய்ரா மாவட்டப் பால் ஒன்றியம், அங்கத்தினர் சங்கங்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து முதலுதவியும் சினை ஊசியும் அவர்கள் பொறுப்பில் விட்டது. வைத்தியர்கள் ஊர்திகளில் முறைவைத்துச் சுற்றி வந்தனர். அவசர அழைப்புகளுக்குத் தனியே சென்றனர். அருகில் ஆளும் எட்டும் தூரத்தில் வைத்தியரும் இருந்தமையால் அங்கத்தினரின் நம்பிக்கை வளர்ந்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை சில உள. ஒரு மாத காலம், நோயுற்ற ஒவ்வொரு கால்நடைக்கும் என்ன பணி நடந்தது, அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, வைத்தியர் வருமுன் எவ்வளவு நேரம் கழிந்தது, பயனின்றித் திரும்பியவை எத்தனை என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வருக. மாத முடிவில் வைத்தியருக்கே உரிய நேரத்தையும் மற்றவர் செய்யத்தக்க நேரத்தையும் தனித்தனியே கூட்டுக. பயண நேரத்தை மறவாது சேர்த்துக்கொள்க. அதன்பின் வைத்தியர் வேண்டுமா, உதவியாளர் வேண்டுமா, அல்லது உள்ளவர் அமரும் இடத்தை மாற்றினால் போதுமா என்பது தானே விளங்கும். கணக்குடன் செல்லும் கோரிக்கை மனுவுக்கு அதிகாரிகளிடத்தும் மதிப்பு உண்டு.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. நம் எல்லையை அடுத்த தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2021இல் திறக்கப்பட்டது; அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. வைத்தியர்கள் நம் அருகிலேயே உருவாகின்றனர். அவர்கள் தம் கல்வி முழுவதையும் நம் கால்நடைகளின் நலனுக்குச் செலவிட வேண்டுமாயின், துணை நிற்கும் கைகளை நம் ஊர்களிலிருந்தே, சிறப்பாக மலையூர்களிலிருந்தே, பயிற்சிக்கு அனுப்புவது நம் கடமையாகும். வரும் பொதுச் சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஒருவரையேனும் தேர்ந்தெடுக்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.