உறுப்பினர் பட்டியலை மாற்றும்போது தொலையும் பூஜ்ஜியம்

ஜுரு: ஆலயம், சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர் பட்டியலைப் பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாற்றுவோர் முதலில் கவனிக்க வேண்டியது அடையாள அட்டை எண்.

மைகாட் எண் 12 இலக்கம் கொண்டது. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், பினாங்கிற்கு 07. 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். புதிய அட்டவணையில் அந்தப் பத்தியை 'எண்' வகையாக அமைத்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் மறைந்துவிடும். பிறகு கல்வி நிதிக்காக அந்த இளைஞரின் முழு அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடினால் பதிவு கிடைக்காமல் போகலாம். ஆகவே அதை 'எழுத்து' வகையாகவே அமைக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இரு பக்கமும் யூனிகோட் அவசியம். இல்லையேல் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளே வரும்.

முதலில் அட்டவணையின் அமைப்பை உருவாக்கி, பிறகு பதிவுகளை நகலெடுக்க வேண்டும். உறுப்பினர் அட்டவணை முதலில், அதைச் சார்ந்த சந்தா அட்டவணை அடுத்து. தானாக ஏறும் உறுப்பினர் எண், கடைசி எண்ணுக்கு அடுத்ததிலிருந்து தொடர வேண்டும்.

இறுதியில் இரு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கையையும் சந்தாத் தொகையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தி, சில பதிவுகளை நேரில் சரிபார்க்கும் வரை பழையதை அழிக்காதீர்கள்.