தத்தன் அடக்கிய சினம்

பொறுமை என்றவுடன் மெய்ப்பொருள் நாயனாரையே யாவரும் நினைவர். அடியேனுக்கோ அவர்தம் காவலன் தத்தனும் உடன் நினைவில் எழுவான்.

போரில் பன்முறை தோற்ற பகையால், முத்தநாதன் திருநீறு பூசித் திருக்கோவலூர் அரண்மனை புகுந்து, சுவடிக்கட்டில் மறைத்த படையால் நாயனாரைக் குத்தினான். வாளோங்கிய தத்தனை நாயனார் தடுத்து, இவர் நம்மவர், இடையூறின்றி ஊரெல்லை கடத்துக எனப் பணித்தார் என்கிறது பெரியபுராணம்.

குத்துண்டவர் பொறுத்தார். தத்தனோ வெகுண்டு சூழ்ந்த மக்களை அரசாணை கூறி விலக்கி, தன் தலைவனைக் குத்தியவனுக்குத் தானே காவலாய் நடந்தான். அவ்வழி எத்துணை நெடிதாய்த் தோன்றியிருக்கும்! நமக்குற்ற தீங்கைப் பொறுப்பதினும், நம் அன்பர்க்குற்றதைப் பொறுத்தல் அரிதன்றோ?

அவன் மீண்டு வந்து செய்தி உரைக்குமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார். கேட்டு மகிழ்ந்து, இவ்வுதவி செய்ய வல்லார் வேறு எவர் என்று அவனைப் போற்றினார்.