குதிக்க இயலாத இளவரசி

பிள்ளைகள் விடியோ விளையாட்டில் பொழுதைப் பாழாக்குகின்றனர் என்னும் குறை கேட்காத இல்லம் இன்று அரிது. அக்குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயின், விளையாட்டை ஆடுவதோடு அமையாமல், அதனைத் தாமே ஆக்கிப் பார்க்க முற்படும் பிள்ளைகளும் உளர். "நாங்கள் சில பேர் சேர்ந்து கல்லூரித் திட்டப்பணியாக ஒரு விளையாட்டு உருவாக்குகிறோம்" என்று மகனோ மகளோ வந்து சொல்லும்போது, அதுவும் வீண்பொழுதுக்கு மற்றொரு பெயர்தான் என்று பெற்றோர் எண்ணிவிடக்கூடும். அவ்வாறு தீர்ப்பிடுவதற்கு முன், அமெரிக்க மாணவர் சிலர் 2005-ஆம் ஆண்டில் செய்து முடித்த ஒரு வேலையைச் சற்றே அருகிருந்து பார்ப்போம்.

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் மாநகருக்கு அருகே ரெட்மண்ட் என்றோர் ஊர் உள்ளது. அங்கே இயங்கிவரும் டிஜிபென் என்னும் தொழில்நுட்பக் கல்லூரி, விடியோ விளையாட்டுகளை உருவாக்கும் கலையைப் பாடமாகவே வைத்துக் கற்பிப்பது. ஏட்டுப் படிப்பு மட்டும் அங்கே போதாது. மாணவர் குழுவாகச் சேர்ந்து விளையாட்டுகளைச் செய்து காட்டவும் வேண்டும். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஏழெட்டு மாணவர் கூடி, தம் குழுவுக்கு 'நியூக்ளியர் மங்கி சாப்ட்வேர்' என்று குறும்பாகப் பெயரிட்டுக்கொண்டனர். அவர்கள் ஆக்கிய விளையாட்டின் பெயர் 'நார்பாக்யுலர் டிராப்'. முதற்சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை. இணையத்தில் தேடுவோருக்கு வேறெதுவும் குறுக்கிடாமல் தம் விளையாட்டே அகப்பட வேண்டும் என்று, உலகில் இல்லாத சொல்லொன்றை அவர்கள் படைத்துக்கொண்டனர். விளம்பரத்துக்குக் காசில்லாத மாணவர் கண்ட உபாயம் அது.

கதை மிக எளியது. இளவரசி ஒருத்தியை அரக்கன் பிடித்துச் சென்று நிலவறையில் அடைத்துவிடுகிறான். அந்த நிலவறையோ உயிரும் அறிவும் உடையது. 'வாலி' என்பது அதன் பெயர். (நம் இராமாயணத்து வாலி அல்லன், சுவர் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சாயலில் வைத்த பெயர்.) அதன் துணையால் சுவரிலும் தரையிலும் கூரையிலும் இரண்டு மாய வாயில்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தவர் மற்றொன்றின் வழியே வெளிப்படுவார். இளவரசியின் பெயர் 'நோ-நீஸ்', அதாவது முழங்கால் இல்லாதவள். பெயருக்கேற்ப அவளால் குதிக்க இயலாது.

இந்தக் குதிக்க இயலாமையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இத்தகைய விளையாட்டுகளில் வரும் நாயகர்கள் எல்லாரும் ஓடுவர், குதிப்பர், அடிப்பர், சுடுவர். கற்றுக்குட்டிகளான மாணவரோ, தாம் ஆடி மகிழ்ந்த எல்லா விளையாட்டுகளிலிருந்தும் நல்லனவற்றைத் திரட்டி ஒன்றாக்கிவிட வேண்டும் என்றே பொதுவாக விரும்புவர். மூன்று திங்களில் அந்த ஆசை முறிந்துபோகும். கையில் மிஞ்சுவது பாதி வேலை செய்யும் பத்துப் பகுதிகள். இங்கே நிகழ்ந்தது வேறு. இளவரசிக்கு ஆயுதமும் இல்லை, குதிப்பும் இல்லை. இருப்பது இரண்டு வாயில்கள் மட்டுமே. ஆகவே, எந்தப் பள்ளத்தைக் கடப்பதானாலும், எந்த மேட்டில் ஏறுவதானாலும், ஆடுபவர் வாயில்களைக் கொண்டே வழி தேட வேண்டியதாயிற்று. இளவரசியின் குறையே விளையாட்டின் நிறைவாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

வாயில் இரண்டு என்று சொல்வது எளிது, செய்வது அரிது. வாயிலினூடே பார்த்தால் மறுபுறத்து அறை தெரிய வேண்டும். அதற்காகக் கணிப்பொறி அவ்வறையை மற்றோர் இடத்திலிருந்து பார்ப்பதுபோல் மீண்டும் ஒருமுறை வரைந்தாக வேண்டும். இரு வாயில்களும் எதிரெதிரே அமைந்துவிட்டால்? முடிதிருத்தும் கடையில் எதிரெதிராக மாட்டிய கண்ணாடிகளைப் போல, வாயிலுக்குள் வாயில் என்று முடிவின்றி நீளும். எங்கேனும் ஓரிடத்தில் 'இத்துடன் போதும்' என்று நிறுத்தாவிடில் கணிப்பொறி திணறிப்போகும். இன்னும் ஒரு சிக்கல்: ஒரு பொருள் பாதி நுழைந்து பாதி வெளிப்படும் நிலையில், அது ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கின்றது. எந்தச் சுவர் அதைத் தடுக்க வேண்டும், எந்தத் தரை அதைத் தாங்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் நிரல் எழுதுபவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கணிதமும் பௌதிகமும் வகுப்பறைப் பலகையிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்து வேலை வாங்கும் இடம் இது.

நிரல் எழுதுபவர் மட்டும் இருந்தால் விளையாட்டு உருவாகிவிடாது. அறைகளை வகுப்பவர், உருவங்களை வரைபவர், ஒலி சேர்ப்பவர் என்று பலர் வேண்டும். ஒருவர் அறையின் அளவை மாற்றினால் மற்றவர் வரைந்த சுவர் பொருந்தாது. ஒருவர் சொன்ன நாளில் முடிக்காவிடில் மூவர் காத்திருப்பர். இவர்களுள் எவரும் எவருக்கும் முதலாளி அல்லர். சம்பளத்தைப் பிடித்துக்கொள்வேன் என்று அச்சுறுத்தவும் வழியில்லை. தான் பல நாள் கண்விழித்து அமைத்த பகுதியைக் குழுவின் நன்மைக்காக நீக்கிவிட இசைவது, இருபது வயதில் எளிதில் வருவதன்று. அந்த இசைவைத் தேர்வுத்தாளில் எழுதச் சொல்லிக் கற்பிக்கவும் முடியாது.

பணி முடிந்தபின், கல்லூரிக்கு நிறுவனத்தார் வந்து மாணவரின் ஆக்கங்களைப் பார்வையிடும் நாளில், 'வால்வ்' நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் இவ்விளையாட்டைக் கண்டார். குழுவினர் அந்நிறுவனத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே அதன் தலைவர் கேப் நியூவெல் முன்னிலையில் விளையாட்டை இயக்கிக் காட்டினர். சுமார் 15 நிமிடம் ஆனதும் அவர் இடைமறித்து, படிப்பு முடிந்தபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அக்குழுவினருக்கு வேலையும் தருவதாகச் சொன்னார். தனியொரு திறமைசாலியை மட்டும் பொறுக்கி எடுக்காமல் குழுவையே அழைத்துக்கொண்டதுதான் இந்நிகழ்ச்சியில் என்னைக் கவர்ந்தது.

2007-ஆம் ஆண்டு அக்டோபரில் 'போர்ட்டல்' என்னும் பெயரில் அவர்களுடைய புதிய விளையாட்டு வெளிவந்தது. இளவரசியும் அரக்கனும் மறைந்தனர். ஆய்வுக்கூடம் ஒன்றில் அகப்பட்ட பெண்ணும், அவளை ஏய்க்கும் இயந்திரக் குரலும் வந்தனர். இரண்டு வாயில்கள் மட்டும் அப்படியே நின்றன. அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், கல்லூரிக் குழுவிலிருந்து வந்த கிம் ஸ்விஃப்ட் என்னும் பெண்மணி.

அங்கும் ஆடிப்பார்ப்போரே ஆசிரியராயினர். ஓரிடத்தில் கனத்த பெட்டியொன்றைத் தொடக்கமுதல் இறுதிவரை தூக்கிச்செல்ல வேண்டும். சோதனைக்காக ஆடியவர்களோ அதை வழியிலேயே மறந்து விட்டுச் சென்றனர். ஆடுபவர்மேல் குறைகூறிப் பயன் என்ன? பெட்டியின்மேல் இதய வடிவம் ஒன்றை வரைந்து, இது உன் துணை என்று இயந்திரக் குரலைச் சொல்லவைத்தனர். மக்கள் அதைக் கைவிடவில்லை. பின்னர் அந்த உயிரற்ற பெட்டியைத் தீயிலிட நேரும்போது மனம் நொந்தவரும் உண்டு.

சில மணி நேரத்தில் ஆடி முடித்துவிடக்கூடிய இச்சிறு விளையாட்டு, 2008-இல் விளையாட்டு உருவாக்குவோர் தாமே வழங்கும் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' என்னும் விருதைப் பெற்றது. 2012-இல் நியூயார்க் நகரின் நவீன கலைக் காட்சியகம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 14 விடியோ விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு, விளையாட்டுச் செய்த பிள்ளைக்கெல்லாம் வேலை வாசலில் காத்திருக்கிறது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆண்டுதோறும் எத்தனையோ குழுக்களின் உழைப்பு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. பாதியில் கலைந்துபோகும் குழுக்களும் பல. நல்லூழ் ஒருபுறம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் பிள்ளை கண்விழிக்கும் இரவுகளைப் பற்றிக் கவலைப்படும் தாய் தந்தையர், "எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேளாமல், "உன் பங்கு எது? எதை விட்டுவிட முடிவு செய்தீர்கள்? வேறு யாராவது ஆடிப் பார்த்தார்களா?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். வேலை நடக்கிறதா, பேச்சு மட்டும் நடக்கிறதா என்பது விடையிலேயே தெரிந்துவிடும்.

அதே டிஜிபென் கல்லூரியில் பின்வந்த மற்றொரு மாணவர் குழு 'டேக்: தி பவர் ஆஃப் பெயிண்ட்' என்றொரு விளையாட்டை ஆக்கியது. அதிலும் கருவி ஒன்றே: வண்ணம். ஒரு வண்ணத்தைப் பூசிய தரை மேலே தூக்கி எறியும். மற்றொன்று விரைந்து ஓடச் செய்யும். 2009-இல் தற்சார்பு விளையாட்டுகளுக்கான விழாவில் மாணவர் பிரிவில் அது பாராட்டப் பெற்றது. அக்குழுவினரையும் வால்வ் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'போர்ட்டல் 2' என்னும் விளையாட்டில் இரு குழுக்களின் வேலையும் ஒரே அறையில் சந்திக்கின்றன. சுவரில் திறந்திருக்கும் வாயில் முதற்குழுவினர் கண்டது. அதனூடே வழிந்து தரையில் பரவும் வண்ணக் குழம்பு அடுத்து வந்தவர் கொணர்ந்தது.