பட்டம் பெற்றவரும் சொந்தத் தொழிலும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி, மம்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. சென்ற கோடையில் நான் அங்குச் சென்றிருந்தபோது, வணிகவியலில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் தம் தந்தையாருடன் என்னைக் காண வந்தார். "இவனுக்கு எங்கேயாவது ஒரு வேலைக்குச் சொல்லி வையுங்கள், ஐயா" என்றார் தந்தை. "எனக்கு வேலை வேண்டாம், ஐயா. சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன்" என்றார் மகன்.

"என்ன தொழில், தம்பி?" என்று கேட்டேன்.

"அதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். நிலத்தை அடகு வைத்தால் ஐந்து லட்சம் ரூபாய் கிடைக்கும்" என்றார் அவர். தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார்.

என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே ஊரில் அதே சொற்களைச் சொன்னவன் நான். பட்டம் பெற்றவுடன் நோட்டுப் புத்தகம் தைக்கும் தொழிலைத் தொடங்கினேன். என் அன்னையாரின் நகைதான் அதற்கு முதல். பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் சரக்கு அனைத்தும் விற்றுப்போயிற்று. நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே எண்ணினேன். ஆனால் கடைக்காரர்கள் கடனுக்கு வாங்கியிருந்தார்கள். பணம் வந்து சேருமுன் காகிதம் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றார். ஓராண்டுக்குள் தொழிலை மூடினேன். அடகு வைத்த நகை திரும்பவே இல்லை. பிறகு ஆசிரியப் பணிக்குச் சென்று, வணிகவியலையே முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு சொல்லை நான் தேர்வுக்காக மட்டும் படித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. அந்தச் சொல் 'நடைமுறை மூலதனம்' என்பது.

அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் செய்ய 20 ரூபாய் செலவு என்றும், அதனை 24 ரூபாய்க்கு விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 1,000 புத்தகங்கள் செய்து, மாதக் கடைசியில் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறார். அப்படியானால் முதல் மாதச் சரக்குக்குரிய பணம் நான்காம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் நான்கு மாதச் செலவாகிய 80,000 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். ஏட்டிலே 16,000 ரூபாய் இலாபம். பெட்டியிலே ஒரு காசும் இல்லை! நட்டத்தினால் மட்டுமே தொழில்கள் மூடப்படுகின்றன என்று எண்ணாதீர்கள். இலாபம் தரும் தொழிலும் கைப்பணம் வற்றினால் மூடப்படும்.

இக்கணக்கில் இன்னொரு குறையும் உண்டு. மாதம் 4,000 ரூபாய் இலாபம் என்றோமே, அதில் உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டோமா? வேறோரிடத்தில் வேலைக்குச் சென்றிருந்தால் மாதம் 12,000 ரூபாய் ஊதியம் கிடைத்திருக்குமானால், இத்தொழிலில் உங்களுக்கு 4,000 ரூபாய் வரவு இல்லை. 8,000 ரூபாய் குறைவு. தொழில் வளரும் என்னும் நம்பிக்கையால் அக்குறைவைச் சில காலம் பொறுத்துக்கொள்ளலாம். ஆயினும் எத்தனை மாதம் பொறுப்பது என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் படித்தவர்கள் சொந்தத் தொழிலை நாடவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. எங்கள் வட்டாரத்தின் வரலாறே அதற்கு மாறானது. மழை குறைந்த கரிசல் பூமியாகிய சிவகாசியிலிருந்து, 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் பயணமானார்கள். தீப்பெட்டி செய்யும் முறையை அங்கே பல மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதன் பின்னர்தான். தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் தேவைப்பட்டது. அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. பட்டாசுத் தொழிலும் பெருகியது. இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது யாது? அவர்கள் முதலில் செய்த செலவு கட்டடத்துக்கன்று, இயந்திரத்துக்கும் அன்று, கற்றுக்கொள்வதற்கே. பிறர் பட்டறையில் தொழிலாளியைப் போல நின்று பழகிய அந்த மாதங்களே அவர்களுடைய முதலுக்கு முந்திய முதல்.

இனி, எந்தத் தொழிலைக் கற்பது? ஊரிலே என்ன விளைகிறது, என்ன வீணாகிறது, எந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எண்ணிப் பாருங்கள். பசும்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர்தான். கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதனைச் சர்க்கரையுடன் சுண்டக் காய்ச்சினால் சில நாள்கள் தாங்கும், தொலைவூர்களுக்கும் செல்லும், விலையும் கூடும். கெடும் பொருளைக் கெடாத பொருளாக்குவதுதான் அதன் சூட்சுமம். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலையைத் தோற்றுவித்தார். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெசவாளர்கள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை நெய்கிறார்கள். நூலும் நெசவும் உள்ள வட்டாரத்தில் அது இயல்பாக வளர்ந்த தொழில்.

தொழில் முனையும் மனப்பான்மையைப் பயிற்சியால் வளர்க்க இயலுமா என்றொரு கேள்வியும் உண்டு. டேவிட் மெக்லெலாண்ட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இதனை நம் நாட்டிலேயே ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டில் தொடங்கி, ஆந்திரத்துக் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கும் சிறுதொழிலினருக்கும் ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் பயிற்சி நிலையத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிடப் புதிய முயற்சிகளில் மிகுதியாக ஈடுபட்டதை அவர் கண்டார். அவர் கையாண்ட சோதனைகளுள் ஒன்று வளையம் எறியும் விளையாட்டு. எங்கே நின்று எறிவது என்பது ஆடுவோர் விருப்பம். சிலர் முளைக்கு மிக அருகில் நின்று எறிவர். தோல்வியும் இல்லை, பெருமையும் இல்லை. சிலர் மிகத் தொலைவில் நின்று எறிவர், விழுந்தால் அதிர்ஷ்டம். சாதிக்கும் ஊக்கம் மிக்கவர்களோ, முயன்றால் விழக்கூடிய தொலைவில் நின்றார்கள். தொழில் இன்னதென்று அறியுமுன்னே நிலத்தை அடகு வைப்பது மிகத் தொலைவில் நின்று எறிவதாகும்.

அரசின் உதவியைப் பற்றியும் ஒரு சொல். பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ பெற்ற முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்காக, தமிழ்நாடு அரசு 2012ஆம் ஆண்டில் 'நீட்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய உதவிகளுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். ஆனால் மானியம் என்பது கடனின் ஒரு பகுதிதான். எஞ்சிய பகுதியை வட்டியோடு நாமே அடைக்க வேண்டும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பது, தள்ளுபடி விலை என்பதற்காக அளவில்லாத சட்டையை வாங்குவது போன்றது.

முதலாளி ஆகிறவர் பிறர் வாழ்வுக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்பதையும் மறத்தலாகாது. நான் போற்றிச் சொன்ன சிவகாசியிலேயே, ஏடு தூக்க வேண்டிய பிஞ்சுக் கைகள் நெடுங்காலம் தீக்குச்சி அடுக்கின. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. தொழிலாளியின் பாதுகாப்பையும் நியாயமான கூலியையும் சேர்த்த பின்னரும் இலாபம் நிற்குமானால்தான் அது இலாபம்.

ஆகவே, வேலை தாழ்ந்ததும் அன்று, சொந்தத் தொழில் உயர்ந்ததும் அன்று. ஊதியக்காரர் மாதந்தோறும் உறுதியைப் பெறுகிறார்; தொழில் செய்பவர் அந்த உறுதியை விட்டுக்கொடுத்து உரிமையைப் பெறுகிறார். எது தமக்கு ஏற்றது என்பதை அறிய, கல்லூரிக் காலமே தகுந்த காலம். விடுமுறையில் ஒரு மாதம் ஒரு பட்டறையிலோ கடையிலோ நில்லுங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் கடன் தருகிறார்கள், பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு, இழந்தாலும் குடும்பம் கலங்காத சிறு தொகையில் செய்து பாருங்கள்.

மம்சாபுரத்து இளைஞருக்கும் இதனையே சொன்னேன். அவருக்கு அது முழுவதும் பிடித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இரண்டு மாதம் கழித்து எழுதினார்: கட்டுத்துணி நெய்யும் ஒரு கூடத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம், ஓராண்டு பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். நாளை அவர் தறி போடுவாரோ, கணக்கராகவே நிலைப்பாரோ, நான் அறியேன். நிலம் இன்னும் தந்தையார் பெயரில், அடகின்றி இருக்கிறது. அந்த ஓராண்டு வீணாகாது என்பது மட்டும் உறுதி.