பேரப்பிள்ளை தாண்டும் மேசை: உயரம் சரியாக இருக்கிறதா?

பள்ளி முடிந்ததும் பேரப்பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பல வீடுகளில் தாத்தா பாட்டியிடம்தான் இருக்கிறது. பயிற்சி முடியும்வரை ஓரத்து நாற்காலியில் அமர்ந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பேத்தி ஓடி வந்து, துள்ளுபலகையில் இரு கால்களையும் பதித்து எழும்பி, எதிரே உள்ள மேசையில் கைகளை ஊன்றி, அதைத் தாண்டி அப்பால் மெத்தையில் இறங்குகிறாள். இதற்கு ‘வால்ட்’ என்று பெயர். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்தப் பயிற்சியில் மேசையின் உயரம் முக்கியமான ஒன்று.

உங்களில் சிலர் பள்ளி நாள்களில் மரப்பெட்டியையோ, தோல் போர்த்திய ‘குதிரை’யையோ தாண்டியிருக்கலாம். குதிரை ஒடுக்கமானது. கை சற்று விலகினாலும் ஊன்ற இடம் இருக்காது. அதனால் 2001ஆம் ஆண்டு முதல் அனைத்துலகப் போட்டிகளில் குதிரைக்குப் பதிலாக, 120 சென்டிமீட்டர் நீளமும் 95 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மேசை பயன்படுத்தப்படுகிறது. கை ஊன்ற இப்போது தாராளமாக இடம் உண்டு. ஆயினும், உயரத்தைத் தவறாக வைத்தால் அகலமான மேசையாலும் பயனில்லை.

5 சென்டிமீட்டர் வித்தியாசம்

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியில் நடந்ததைக் கேட்டால் இது விளங்கும். பெண்களுக்கான தனிநபர் ஒட்டுமொத்த இறுதிச்சுற்று அது. மேசை வருவதற்கு முந்தைய ஆண்டு என்பதால், அப்போது குதிரைதான் இருந்தது. பெண்களுக்கு உரிய உயரம் 125 சென்டிமீட்டர். ஆனால் அன்று 120 சென்டிமீட்டரில் வைத்துவிட்டார்கள். உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் ஒருவர்பின் ஒருவராகத் தடுமாறினார்கள். தங்கம் வெல்லக்கூடியவர் என்று பலரும் எதிர்பார்த்த ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்க்கினாவும் விழுந்தார். அடுத்த கருவியிலும் அவருக்குச் சறுக்கியது. கடைசியில் ஆஸ்திரேலிய வீராங்கனை அலானா ஸ்லேட்டர்தான், குதிரை தாழ்வாகத் தெரிகிறது என்று சொன்னார். அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. பாதிக்கப்பட்டவர்களுக்கு மீண்டும் தாண்ட வாய்ப்புத் தரப்பட்டது.

பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை. அத்தனை நடுவர்களும் பயிற்றுவிப்பாளர்களும் சூழ்ந்திருந்த அரங்கில் அதைக் கவனித்துச் சொன்னவர் போட்டியாளர் ஒருவர்தான். எட்டு வயதுப் பிள்ளை, “மேசை வேறு மாதிரி இருக்கு பாட்டி” என்று சொன்னால், அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

உயரம் தவறினால் என்ன ஆகும்?

வேகமாக ஓடிவரும் பிள்ளை மேசையைப் பார்த்துக் கை நீட்டுவதில்லை. பழகிய இடத்தை நோக்கிக் கை தானாகவே போகிறது. மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தால் நமக்குக் கால் இடறுவதைப் போன்றதுதான் இதுவும்.

மேசை அதிக உயரத்தில் இருந்தால் பிள்ளையால் அதன் மேல் போதிய அளவு எழும்ப முடியாது. முழங்கை மடங்கும், வயிறோ முழங்காலோ மேசையில் இடிக்கலாம், உடல் முழுவதும் சுழலாமல் இறங்கினால் முதுகோ கழுத்தோ அடிபடலாம். அதிகத் தாழ்வாக இருந்தாலும் ஆபத்துதான். பலரும் ‘தாழ்வாக இருந்தால் நல்லதுதானே’ என்று நினைக்கிறார்கள். கை எதிர்பார்த்த நேரத்தில் மேசையைத் தொடாது. தோள் கைகளைத் தாண்டி முன்னே சரியும். மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கும். மேசையைத் தள்ளி எழும்ப முடியாமல் பிள்ளை நிலைகுலைந்து இறங்க நேரிடும்.

பெரியவர்களின் போட்டிகளில் மேசை பெண்களுக்கு 125, ஆண்களுக்கு 135 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இந்த அளவுகள் சிறுவர்களுக்கானவை அல்ல. அவர்களுக்கு வயதையும் தேர்ச்சி நிலையையும் பொறுத்துத் தாழ்வாக வைப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் மேசையே இருக்காது. அடுக்கி வைத்த மெத்தைகளின்மேல் தாண்டப் பழக்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை உயரமான மேசையைத் தாண்டுகிறாளே என்று பயிற்றுவிப்பாளரை அவசரப்படுத்த வேண்டாம்.

உயரத்தை எப்படி வைக்கிறார்கள்?

மேசையின் காலில் அளவுக் குறிகள் இருக்கும். பயிற்றுவிப்பாளர் தேவையான குறிக்கு உயர்த்தி, பூட்டை இறுக்குவார். உயரத்தைத் தரையிலிருந்து மேசையின் மேற்பரப்புவரை அளக்க வேண்டும், இறங்கும் மெத்தையிலிருந்து அன்று. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: மேசை வெறுந்தரையிலும் துள்ளுபலகை ஒரு மெத்தையின் மேலும் இருந்தால், அந்த மெத்தையின் தடிமன் அளவுக்குப் பிள்ளைக்கு மேசை தாழ்ந்துவிடும். குறி சரியாகவே இருக்கும். உயரம் சரியாக இருக்காது.

ஒரே மேசையைச் சிறியவர்களும் பெரியவர்களும் மாறி மாறிப் பயன்படுத்தும் கூடங்களில் ஒவ்வொரு குழு தொடங்கும்போதும் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். பிள்ளை திடீரென வளர்ந்திருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். நான்கைந்து மாதங்களில் பள்ளிக் காலுறை பத்தாமல் போகிறது என்றால், பழகிய ஓட்டமும் கை வைக்கும் இடமும்கூட மாறியிருக்கும்.

“இன்று மேசை எந்த அளவில் இருக்கிறது? முந்திய குழுவுக்குப் பிறகு மாற்றினீர்களா?” என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். நல்ல பயிற்றுவிப்பாளர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் மேசையை நீங்களே தொட்டு மாற்ற வேண்டாம். அது கனமானது, பூட்டு நழுவினால் விரல் நசுங்கும்.

மணிக்கட்டு வலியைக் கவனியுங்கள்

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் ‘வளர்ச்சித் தட்டு’ என்னும் மென்மையான பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வால்ட் பயிற்சியில் முழு உடல் எடையும் ஓடிவந்த வேகமும் சேர்ந்து மணிக்கட்டின்மேல் விழுகின்றன. திரும்பத் திரும்ப அப்படி நடக்கும்போது, முக்கியமாகக் கட்டைவிரல் பக்கத்தில், வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பின் வளர்ச்சியே தடைபடலாம்.

கையை ஊன்றி எழும்போது வலி, மணிக்கட்டில் வீக்கம், எழுதும்போது கையை உதறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே பயிற்சியை நிறுத்துங்கள். தைலம் தேய்த்து அடுத்த நாளே அனுப்புவதும், சுளுக்கு என்று நினைத்து உருவிவிடுவதும் வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பிள்ளை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகே கை ஊன்றும் பயிற்சிகளை மீண்டும் தொடங்க வேண்டும்.

பிள்ளை தலையோ கழுத்தோ அடிபட விழுந்து, கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். விழுந்த நிலையிலேயே அசையாமல் படுத்திருக்கச் சொல்லி, 995 என்ற எண்ணில் மருத்துவ உதவி வாகனத்தை அழையுங்கள். வாகனம் வரும்வரை பிள்ளையின் முகத்துக்கு நேரே, உங்களைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டாத இடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருங்கள்.