முகவரியில் எண் இருந்தால் கூகுள் முகம் சுளிக்குமா?

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் சம்பாவுக்கு என்ன விதை என்று கேட்டால், ‘ஆயிரத்தொன்பது’ என்று பதில் வரும். சி.ஆர். 1009 என்பது அதன் முழுப்பெயர். பொன்மணி என்றும் ஒரு பெயர் உண்டு. குறுவைக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43. சன்ன அரிசிக்கு பி.பி.டி. 5204. நெல் திருவிழாவால் பேர் பெற்ற ஆதிரெங்கமும் பக்கத்தில்தான். அங்கே கொண்டாடப்படும் பாரம்பரிய நெல் உலகத்திலும் அறுபதாம் குறுவை என்று நாள் கணக்கே பெயராக நிற்கிறது.

இந்த ஊரில் ஒரு விதைக்கடைக்காரர் இணையதளம் தொடங்கினால் முகவரியில் 1009 இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. கூடவே ஒரு பயமும் ஒட்டிக்கொள்ளும்: எண் கலந்த முகவரியை கூகுள் பின்னுக்குத் தள்ளிவிடுமாமே?

தள்ளாது. முகவரியில் உள்ள சொற்களால் தேடல் வரிசையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்று தள உரிமையாளர்களுக்கான தன் வழிகாட்டியிலேயே கூகுள் சொல்கிறது. ஒரு காலத்தில் தேடுசொல்லையே முகவரியாக வாங்கிப் போட்டு, உள்ளே சரக்கில்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்த தளங்கள் ஏராளம். 2012 செப்டம்பரில் கூகுளின் மேட் கட்ஸ் அறிவித்த மாற்றம் அவற்றைக் கீழே இறக்கியது. அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தை அது பாதித்தது. அங்கேயும் அடி வாங்கியது வெற்றுப் பக்கங்கள்தான், எண்கள் அல்ல.

எண்ணின் மீது பழைய இணையத்துக்கு ஒரு தடை இருந்தது உண்மை. பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1989 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1123 என்ற இணைய விதி ஆவணம் அதைத் தளர்த்தி, முதலிடத்தில் எண்ணும் வரலாம் என்றது. 3காம் நிறுவனமோ அதுவரை காத்திருக்கவில்லை. 1986 டிசம்பரிலேயே தன் பெயரைப் பதிந்துவிட்டது.

சீனாவில் நிலைமை தலைகீழ். ரோமன் எழுத்தைவிட எண் அங்கே வாய்க்கும் விரலுக்கும் எளிது. நெட்ஈஸ் நிறுவனம் 163.காம் என்று பெயர் வைத்தது. ரயில் பயணச்சீட்டுத் தளத்தின் முகவரி 12306, ரயில்வேயின் தொலைபேசி எண்ணும் அதுவே. 2015இல் வோடஃபோனிடமிருந்து 360.காம் என்ற ஒற்றைப் பெயரை வாங்க கிஹூ நிறுவனம் 1.7 கோடி டாலர் கொடுத்தது. நம் நாட்டில் 99ஏக்கர்ஸ், 1எம்ஜி ஆகியவற்றைத் தேடலில் பார்க்காதவர் குறைவு.

இதைவிட வலுவான சான்று தமிழிலேயே இருக்கிறது. முகவரிகளைக் கையாளும் கணினி அமைப்பு தமிழ் எழுத்தை நேரடியாக ஏற்பதில்லை. ‘.இந்தியா’ என்று தட்டினால், உலாவி அதை ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்தச் சரத்துக்குள் 2, 3, 5, 0 என நான்கு இலக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ இரண்டிலும் இதே கதை. இந்தச் சரத்தையும் தமிழ் வடிவத்தையும் ஒன்றாகவே நடத்துவதாக 2015இல் கூகுள் விளக்கியது. எண்ணுக்குத் தண்டனை என்றால் தமிழ் முகவரிகள் எப்போதோ காணாமல் போயிருக்கும்.

ஆக, சிக்கல் எந்திரத்திடம் இல்லை, மனிதரிடம்தான். ‘ஆயிரத்தொன்பது டாட் இன்’ என்று கடைக்காரர் போனில் சொல்கிறார். கேட்பவர் 1009 என்று தட்டுவாரா, ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லையே எழுதுவாரா? நடுவில் கோடு உண்டா? ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம், எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்று மாற்றிப்போட்டு வங்கித் தளங்களைப்போல ஏமாற்றும் கும்பல்கள் இருப்பதால், தெரியாத எண் முகவரியைக் கண்டாலே தயங்குபவர்களும் உண்டு. இரண்டு வடிவத்தையும் வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுவது மலிவான தீர்வு.

பழைய பெயரை வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. கைவிடப்பட்ட எண் முகவரி முன்பு சூதாட்டத் தளமாக இருந்திருக்கலாம். வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களைப் பார்த்துவிடலாம். காலாவதியான முகவரியின் பழைய மதிப்பை வைத்து வரிசையை ஏமாற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் விதிமீறல் பட்டியலில் சேர்த்தது.

எண் வேலை செய்யும் இடம் பக்கத்துக்குள் இருக்கிறது. விவசாயி ‘ஆடுதுறை 43 விதை நெல்’ என்று தேடலாம், ‘ஏடிடி 43’ என்றும் தேடலாம். இரு பெயரும், வயது நாளும், எந்தப் பட்டத்துக்கு என்பதும், கையிருப்பும், விலையும் எழுதியிருக்கும் பக்கத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிவது உள்ளூர்த் தேடலுக்கு முகவரியைவிடப் பல மடங்கு உதவும்.

ஏற்கெனவே எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை, தேடல் வரிசைக்காக மட்டும் பெயர் மாற்ற வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காக மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பல் போட்டு, குறைந்தது ஓராண்டாவது அதை விட்டுவைக்க வேண்டும்.